பெட்டி கேமராவும் பாதித் தேரும்

உங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம் ஏதாவது மாட்டியிருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிடம் அதன் முன்னால் போய் நின்று பாருங்கள். படத்தில் இருப்பவர் உங்களையே நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் மூடியிருக்கும். இரண்டு காதும் தெரியும். தலைமுடி ஒன்று கூடக் கலைந்திருக்காது. உயிரோடு இருந்தபோது அவர் ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்தான் :-)

திருவாரூரில் ஒரு வீட்டில் அப்படி ஒரு படம் இருக்கிறது. அந்த வீட்டு அப்பாயியின் படம். நல்ல பெரிய சைஸ், தேக்குச் சட்டம், பச்சைப் பட்டுப்புடவை, இரண்டு காதிலும் தோடு. அப்பாயி இறந்தது 1984-ல். அதற்குப் பிறகு பிறந்த பேரனுக்கு அப்பாயி என்றால் அந்தப் படம்தான். தேர்வுக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவான்.

அதே வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் பத்திரக் கட்டுகளுக்கு அடியில் ஒரு சின்ன புகைப்படம். ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர், வெள்ளை ஓரம் வைத்தது, கறுப்பு வெள்ளை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அது பேரன் கையில் கிடைத்தது. முதலில் பார்த்தவுடன் கெட்டுப்போன படம் என்றுதான் நினைத்தான். படமே சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் தேர்ச்சக்கரம் பாதி. நடுவில் யாரோ ஒருவருடைய முழங்கை. குறுக்கே வடம். வலது ஓரத்தில் ஒரு பெண்ணின் முகம், அதிலும் ஒரு காதையும் ஒரு தோளையும் படத்தின் ஓரம் வெட்டிவிட்டது. அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி அண்ணாந்து எதையோ பார்க்கிறார்.

பின்னால் பேனாவில் எழுதியிருந்தது: ஆழித்தேர், 1970.

அந்தப் பெண்தான் அப்பாயி. சுவரில் இருப்பவரும் இவரும் ஒரே ஆள் என்று அத்தை வந்து சொல்லும்வரை பேரனுக்குத் தெரியவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு முகம் எப்படி வந்தது? இதற்குப் பதில் தேடினால் கையில் பிடிக்கும் கேமராவின் கதை முழுவதும் வந்துவிடுகிறது.

முழுசாகத் தெரிய வேண்டும் என்ற பழைய ஆசை

கேமராவுக்கு முன்னால் இந்தப் பக்கத்து ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் திருவாரூரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் போதும். முசுகுந்த சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த கதை அங்கே விதானத்தில் வரிசை வரிசையாக வரையப்பட்டிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு வேலை. காட்சிகளுக்குத் தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். ஊர்வலம், கூட்டம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. (இவற்றை வி.கே.ராஜாமணி பொறுமையாகப் படமெடுத்து, டேவிட் ஷுல்மனோடு சேர்ந்து 2011-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். கழுத்து வலிக்காமல் பார்க்க அதுதான் வழி.)

அந்த ஓவியங்களில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் முக்கியமான எதுவும் ஓரத்தில் வெட்டுப்படாது. ராஜா என்றால் முழு ராஜா, தேர் என்றால் முழுத் தேர். பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்ற கேள்வியே அங்கு கிடையாது. தெரிய வேண்டியதெல்லாம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் இருக்கும் தஞ்சாவூரின் ஓவியமும் அப்படித்தான். பலகை, அதன் மேல் துணி, சுண்ணப் பூச்சு, தங்க ரேக்கு, கண்ணாடிக் கல். நடுவில் தெய்வம், மற்றவர்களை விடப் பெரிதாக. பார்ப்பவரும் தெய்வமும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் தரிசனம். அந்தப் படம் பூஜை அறைக்குப் போகிற படம். முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற சாமியிடம் யார் வேண்டிக்கொள்வார்கள்?

கேமரா வந்தபோதும் இந்தப் பழக்கம் உடனே மாறவில்லை. தஞ்சாவூரை முதன்முதலில் பெரிய அளவில் புகைப்படம் எடுத்தவர்களில் முக்கியமானவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசுக்காக 1858-ல் தஞ்சாவூர், திருவையாறு படங்களை எடுத்தார். மரத்தாலான பெரிய கேமரா, மூன்று கால் தாங்கி, மெழுகு பூசிய காகித நெகட்டிவ். தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஓடுகிற சாமான் இல்லை. பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அசந்துபோக வைக்கும் வேலை! ஆனால் அவருடைய தஞ்சாவூர்ப் படங்களில் பெரும்பாலும் மனிதர்களே இல்லை. ஆடுகிறவர், நடக்கிறவர் யாரையும் அந்தக் கேமராவால் பிடிக்க முடியாது. கல் மட்டும்தான் அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்கும்.

பிறகு ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்கள் வந்தன. அங்கே போன மனிதர்களும் கல் மாதிரிதான் உட்கார வேண்டியிருந்தது. பின்னால் வரைந்த திரையில் ஒரு மாளிகை, பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் பூச்சாடி. ஐயா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றபடி. இரண்டு பேரும் நேராகப் பார்ப்பார்கள். மூச்சு விடாதீங்க என்பார் போட்டோக்காரர். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேகரித்து டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். தொழில்நுட்பம் புதுசு, உட்காரும் விதம் பழசு. தஞ்சாவூர் ஓவியத்தில் சாமி உட்கார்ந்த இடத்தில் மிராசுதார் உட்கார்ந்திருப்பார்.

அப்பாயி ஸ்டுடியோவுக்கே போனதில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

பாரிஸில் நடந்தது என்ன?

1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படம் எடுக்கும் அளவுக்குச் சுருள். எடுத்து முடித்ததும் பெட்டியோடு கம்பெனிக்கு அனுப்பினால் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு 10 டாலர். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மற்றது எங்கள் வேலை என்பதுதான் விளம்பரத்தின் சாரம். 1900-ல் ஒரே டாலருக்கு பிரவுனி வந்தது. குழந்தைகளும் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த முதல் கோடக்கில் படம் எப்படி விழும் என்று எட்டிப் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. மேல் பக்கத்தில் இரண்டு கோடு இருக்கும், அந்தத் திசையில் நீட்டி அழுத்த வேண்டியதுதான். அதனால் என்ன ஆகும்? தலை போகும், கால் போகும், சம்பந்தமில்லாத ஆள் குறுக்கே வருவான், தரை சாயும். ஸ்டுடியோக்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஓவியர்கள் சிலர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. உற்றுப் பார்த்தார்கள். பாரிஸில் பொன்னார், வுய்யார், வல்லோத்தோன், ஆம்ஸ்டர்டாமில் பிரைட்னர் போன்றவர்கள் கையடக்கக் கேமரா வாங்கி வீட்டாரை, நண்பர்களை, தெருவைச் சுட்டுத் தள்ளினார்கள். வுய்யார் எடுத்த படங்களை அவருடைய அம்மாதான் வீட்டு சூப் தட்டில் மருந்து ஊற்றிக் கழுவிக் கொடுப்பாராம். வல்லோத்தோன் 1899-ல் வரைந்த ஓவியம் ஒன்றில் சிவப்புப் பந்தின் பின்னால் ஒரு குழந்தை ஓடுகிறது. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற கோணம். குழந்தையின் முகம் தெரியாது, தொப்பிதான் தெரியும். தூரத்தில் இரண்டு பெண்கள் புள்ளி மாதிரி. பழைய ஓவியப் பள்ளியில் இப்படி ஒரு படத்தை நீட்டியிருந்தால் முகத்தை எங்கே தம்பி என்று கேட்டிருப்பார்கள்.

எல்லாப் புகழையும் கேமராவுக்கே கொடுத்துவிடவும் முடியாது. கோடக் வருவதற்கு முன்பே, 1870-களிலேயே, டேகா தன் ஓவியங்களில் ஆட்களை ஓரத்தில் வெட்டினார். அதற்கு அப்போது ஐரோப்பாவுக்கு வந்து குவிந்த ஜப்பானிய மர அச்சுப் படங்களும் ஒரு காரணம். ஆனால் வெட்டுப்பட்டதும் ஒரு பார்வைதான், கணத்தில் கண்டதும் ஒரு படம்தான் என்ற தைரியத்தைச் சாதாரண வீடுகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பெட்டிதான். கூட்டத்துக்குள் நின்று பார்க்கிற ஒருவனுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிவது. முழுசாக இல்லை, பாதி பாதியாக.

சின்ன தாத்தாவின் பன்னிரண்டு படங்கள்

இனி திருவாரூருக்குத் திரும்பலாம். கோடக் வந்து 80 வருஷம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குள் கேமரா நுழைந்தது. வதோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்ஃபா கிளிக் 3. அப்பாயியின் கொழுந்தனார், அதாவது பேரனுக்குச் சின்ன தாத்தா, நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது சம்பளத்தில் சேர்த்து வாங்கியது. கறுப்புப் பெட்டி, தோல் உறை, தோளில் மாட்ட வார். 120 பிலிம் போட்டால் பன்னிரண்டு படம். வெயிலா, மேகமா என்று ஒரு திருகு. வேறு பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

பன்னிரண்டே படம் என்பதால் எதை எடுப்பது என்பது வீட்டில் பெரிய விவாதமாக இருக்கும். பிள்ளைக்கு மொட்டை, கல்யாணம், புது மாடு, கமலாலயக் குளக்கரையில் குடும்பம். எல்லாருமே ஸ்டுடியோவில் நிற்பது போலத்தான் கேமரா முன்னாலும் நின்றார்கள். அந்த ஆல்பத்தில் இருக்கும் படங்கள் எல்லாம் அப்படித்தான், விறைப்பாக, வரிசையாக. கேமரா கைக்கு வந்தாலும் உடம்பு இன்னும் முக்காலியை விடவில்லை.

அதிலிருந்து தப்பியது 1970-ல் எடுத்த அந்த ஒரே படம்.

ஆழித்தேரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். பழைய தேர் 1920-களில் தீக்கிரையானது. புதுத் தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு ஓட்டம் நின்றுபோய், நிலையிலேயே கிடந்தது. மறுபடி அது வீதிக்கு வந்தது 1970-ல். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்பாயி அந்த ஊருக்கு மருமகளாக வந்தது 1950-ல். அதாவது அவருக்குத் தெரிந்த ஆழித்தேர் ஓடாத தேர். தினம் பார்ப்பார், அது அங்கேயே நிற்கும். மாமியார் அது அசைந்த கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறார். இருபது வருஷம் கதை கேட்டுவிட்டு, கூட்டத்தில் நின்று, முதல்முறையாக அது அசைவதைப் பார்க்கிறார். வாய் திறக்காமல் என்ன செய்யும்?

சின்ன தாத்தா எடுக்க நினைத்தது தேரை. 96 அடித் தேர் அந்தக் கேமராவுக்குள் வர வேண்டுமானால் வீதிக் கோடிக்குப் போக வேண்டும். கூட்டத்தில் ஒரு அடி கூட நகர முடியவில்லை. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணாடியில் பார்க்காமல் அப்படியே அழுத்திவிட்டார். 1888-ல் கோடக் வாங்கியவன் எப்படி அழுத்தினானோ அப்படியே! கழுவி வந்தபோது தேர் பாதி, அண்ணி பாதி. பிலிமை வீணாக்கிட்டியேடா என்று வீட்டில் திட்டு. படம் ஆல்பத்தில் ஒட்டப்படவே இல்லை. அதனால்தான் அது டிரங்குப் பெட்டிக்குப் போனது.

ஆர்ட்டிஸ்ட் செய்த திருத்தம்

பதினாலு வருஷம் கழித்து அப்பாயி திடீரென்று போய்விட்டார். காரியத்துக்குள் படம் வேண்டும். ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் அவர் யாராவது ஒருவர் பின்னால் நிற்கிறார், அல்லது முந்தானையால் வாயை மூடியிருக்கிறார். முகம் தெளிவாக விழுந்திருந்தது திட்டு வாங்கிய அந்தப் படத்தில் மட்டும்தான்.

அப்போதெல்லாம் ஊருக்கு ஊர் ஒரு ஆர்ட்டிஸ்ட் இருப்பார். கடைக்குப் போர்டு எழுதுவார், கட்சிக்குச் சுவர் எழுதுவார், சினிமாக் கொட்டகைக்குப் பேனர் வரைவார். சின்ன போட்டோவைக் கொடுத்தால் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வர்ணப் படமாகவும் தருவார். புகைப்படமும் ஓவியமும் இவர்கள் கையில் தனித்தனித் தொழிலாக இருக்கவில்லை. தமிழ்நாட்டின் காலண்டர் சாமிப் படங்களுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரை வரைந்தவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி சீடர்களோடு நடத்தியது தேவி ஆர்ட் ஸ்டுடியோ. அங்கே ஆட்களுக்குப் புகைப்படமும் எடுத்தார்கள், சாமிக்குப் படமும் வரைந்தார்கள். புகைப்படத்தின் ஒளி நிழல் சாமி முகத்துக்கு வந்தது. சாமிப் படத்தின் நேர்ப்பார்வை மனிதர் படத்துக்குப் போனது. கொடுக்கல் வாங்கல்தான்.

திருவாரூர் ஆர்ட்டிஸ்டிடம் அந்தச் சின்ன படத்தைக் கொடுத்தார்கள். அதில் அப்பாயியின் முகம் புளியங்கொட்டை அளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அத்தை இன்றும் அப்படியே சொல்லிக் காட்டுகிறார்.

"ஒரு காது இல்லயேம்மா. பார்வையும் மேல போவுது. வாய் வேற தொறந்திருக்கு. மாலை போடுற படம் பாக்குறவங்களப் பாக்கணும்மா."

"அதுக்கு என்னங்க பண்றது?"

"நீங்க யாரு, மவளா? அம்மா சாடைதான் இருக்கு. இப்படி வெளிச்சத்துல உக்காருங்க."

அத்தை உட்கார்ந்தார். இல்லாத காது, இல்லாத தோள், நேராகப் பார்க்கும் கண், மூடிய வாய், எல்லாவற்றையும் ஆர்ட்டிஸ்ட் அத்தையைப் பார்த்து வரைந்துகொண்டார். நெற்றியும் மூக்கும் மூக்குத்தியும் அப்பாயியின் போட்டோவிலிருந்து. பட்டுப்புடவை அவர் மனசிலிருந்து. பச்சைதான் நல்லாருக்கும் என்றாராம். தோடும் அப்படித்தான். அப்பாயி கடைசி வரை போட்டிருந்தது சின்ன கல் தோடு. படத்தில் இருப்பது பெரிய வைரத்தோடு. தாத்தா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். வாங்கித் தரணும்னு இருந்தேன் என்று மட்டும் பிறகு ஒரு நாள் சொன்னாராம்.

ஆக, நாற்பது வருஷமாக அந்த வீடு கும்பிடுகிற படத்தில் பாதி அப்பாயி, பாதி அத்தை.

பாரிஸில் வெட்டுப்பட்ட போட்டோவைப் பார்த்து ஓவியர்கள் தங்கள் ஓவியத்தை வெட்டக் கற்றுக்கொண்டார்கள். இங்கே அதே மாதிரி வெட்டுப்பட்ட போட்டோ ஒன்று ஓவியரிடம் போனபோது அவர் அதை ஒட்டவைத்துக் கொடுத்தார். அவர் திறமை குறைந்தவர் என்பதல்ல இதற்குக் காரணம். அங்கே படம் பார்ப்பதற்கு. இங்கே படம் கும்பிடுவதற்கு. வேலை வேறு.

பத்திரிகைப் பக்கத்தில் புகுந்த கண்

அப்படியானால் கூட்டத்துக்குள் நின்று பார்க்கும் அந்தக் கண் தமிழ் ஓவியத்துக்கு வரவே இல்லையா? வந்தது. சுவருக்கு வரவில்லை, வாரப் பத்திரிகைக்கு வந்தது.

தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு 1940-களில் ஆனந்த விகடனில் சேர்ந்தார். அவர் வரைந்த தஞ்சாவூர்க்காரர்களைப் பாருங்கள். திண்ணையில் விசிறிக்கொண்டிருப்பவர், கச்சேரியில் தூங்கி வழிபவர், தவில்காரர், வெற்றிலைப் பெட்டிக்காரர். யாரும் படத்துக்காக உட்கார்ந்தவர்கள் இல்லை. தங்கள் வேலையில் இருக்கும்போது யாரோ கிளிக் செய்துவிட்ட மாதிரி இருப்பார்கள். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள் தொடருக்குப் படம் போட்டவரும் அவர்தான். அந்த மோகனா திருவாரூர்க்காரி என்பது ஊர்க்காரர்களுக்குப் பெருமை. கோபுலுவிடம் இருந்தது கேமராவின் தாக்கம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அவருடைய கண்ணே அப்படி. ஆனால் வாராவாரம் பத்திரிகையில் நிஜப் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு அந்தக் கணநேரப் பார்வை புதிராக இருக்கவில்லை.

அதே விகடனில் அவருடைய சகாவான சில்பி நேர் எதிர்ப்பக்கம். கோயிலுக்குப் போய், சன்னிதி முன்னால் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைவார். தென்னாட்டுச் செல்வங்கள் தொடர் அப்படி வந்ததுதான். கருவறை மூர்த்தியைப் பொதுவாகக் கேமராவில் எடுக்க விடமாட்டார்கள். அங்கே பேனா போகலாம். அவசரமில்லாமல், முழுசாக, நேருக்கு நேராக. தரிசனத்துக்கு சில்பி, தெருவுக்கு கோபுலு. ஒரே பத்திரிகையில் இரண்டு கண்ணும் இருந்தன. வாசகர்கள் இரண்டையும்தான் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் டிரங்குப் பெட்டி

அந்தச் சின்ன படத்தைப் பெரிதாக்கலாம் என்று பேரன் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த பையன் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இந்தக் கையைத் தூக்கிரலாம். படத்த நேராக்கிரலாம். ஏஐ-ல போட்டா பாட்டிய நம்மளப் பாக்குற மாதிரியே மாத்திரும். சிரிக்கக்கூட வைக்கலாம்."

நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆர்ட்டிஸ்ட் சொன்னதும் இதையேதான். சாமான் மாறியிருக்கிறது, ஆசை மாறவில்லை. அன்றைக்காவது காதுக்கு அத்தை உட்கார்ந்தார். இப்போது யாரும் உட்கார வேண்டியதில்லை. எந்த ஊர்க் காதோ வந்து ஒட்டிக்கொள்ளும்.

பேரன் தயங்கிவிட்டு அத்தைக்கு போன் போட்டான். எதை மாத்தட்டும், எதை விடட்டும் என்று கேட்டான். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கம்மா அப்படி வாயப் பொளந்து பாத்தது அன்னிக்கி ஒரு நாளுதான்டா. மத்த நாளெல்லாம் அடுப்படியிலயே போயிருச்சு. அத மூடிராத."

"காது, அத்த?"

"நம்மூரு தியாகேசருக்கே மொகந்தான்டா தெரியும். பாதம் பாக்கணும்னா ரெண்டு நாளுக்குக் காத்துக் கெடக்கணும். முழுசாத் தெரியலன்னு யாராவது கும்புடாம இருக்காங்களா?"

அவர் சொன்னது சரிதான். தியாகராஜருக்கு முகம் மட்டும்தான் எப்போதும் தெரியும். மார்கழித் திருவாதிரைக்கு ஒரு பாதம், பங்குனி உத்திரத்துக்கு ஒரு பாதம். மற்றதெல்லாம் மூடியேதான் இருக்கும். முழுசாகத் தெரிய வேண்டும் என்று தேவாசிரிய மண்டபத்தில் வரைந்த அதே கோயிலில்தான் தெரியாததைக் கும்பிடவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

படம் எதையும் மாற்றாமல் பெரிதாக்கப்பட்டது. சாய்வு அப்படியே. முழங்கை அப்படியே. அந்த முழங்கைக்காரர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெரிதாக்கிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அப்பாயியின் கை படத்தின் அடியில் வடத்தின் மேல் இருக்கிறது. அவர் வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை, இழுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அவர் சொல்லவும் இல்லை.

இப்போது கூடத்தில் இரண்டு படமும் இருக்கின்றன. பட்டுப்புடவைப் படத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை மாற்றுகிறார்கள். தேர்ப் படத்துக்கு மாலை கிடையாது; அது எதிர்ச் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டு, இது யாரு என்று கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கெட்டுப்போன படங்கள் அதில்தான் கிடக்கும். ஒரு நாள் இறக்கிப் பாருங்கள்.